குழந்தையின் நாட்பட்ட மலச்சிக்கல்: மருந்தை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்

மருந்து கொடுத்தால் குழந்தை மலம் கழிக்கிறது. நிறுத்தினால் மீண்டும் நான்கைந்து நாள்கள் அடக்கிக்கொள்கிறது. இதைக் காணும் பெற்றோர், மருந்துக்கு உடல் பழகிவிட்டது என அஞ்சி இரண்டாவது வாரத்திலேயே அதைக் கைவிட்டுவிடுகின்றனர். குழந்தைகளின் மலச்சிக்கல் மாதக்கணக்கில் நீள்வதற்கு இந்த அச்சமும் ஒரு பெரிய காரணம்.

வாரத்திற்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ மலம் கழிதல், கழிக்கும்போது வலி, பருத்து இறுகிய மலம், மலத்தை அடக்கும் பழக்கம் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒரு மாதமாகத் தொடர்ந்தால் அது கவனிக்க வேண்டிய மலச்சிக்கல். (தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை சில நாள்களுக்கு ஒருமுறை இளகிய மலம் கழிப்பது நோயன்று.)

பெரும்பாலும் இது ஒரே ஒரு நாளின் வலியில் தொடங்குகிறது. காய்ச்சலுக்குப் பின்னோ, கோடை வெயிலில் நீர் குறைந்தோ மலம் இறுகுகிறது. வெளியேறும்போது ஆசனவாயில் கீறல் உண்டாகிறது. அந்த வலியை மறவாத குழந்தை அடுத்த முறை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து குடல் மேலும் நீரை உறிஞ்ச, அது இன்னும் இறுகிப் பருக்கிறது. மறுமுறை வலி கூடுகிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, மலம் வந்து நிற்பதையே உணராத நிலைக்கு வந்துவிடுகிறது.

கதவோரம் ஒதுங்கி, கால்களைப் பின்னி, குதிகாலை உயர்த்தி, முகம் சிவக்க நிற்கும் குழந்தையைப் பார்த்து ‘முக்குகிறது’ என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அது அடக்குகிறது. இன்னும் சில குழந்தைகளுக்குத் தேங்கிய கட்டியைச் சுற்றி நீர்மலம் கசிந்து உள்ளாடையில் படும். இதை வயிற்றுப்போக்கு என எண்ணி மருந்தை நிறுத்துவோரும் உண்டு. வேண்டுமென்றே செய்வதாகக் கருதி அடிப்போரும் உண்டு. கசிவது குழந்தைக்குத் தெரியவே தெரியாது. அடிப்பதால் அச்சம் கூடும், அச்சத்தால் அடக்குதல் கூடும்.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது நம் பாட்டிமார் அறிந்த முறை. சோப்புத் துண்டு வைப்போரும் உளர். அன்றைய மலம் வெளியேறலாம். ஆனால் ஏற்கெனவே கீறியிருக்கும் இடத்தில் மீண்டும் ஒன்றை நுழைத்தால், குழந்தை அடக்குவதற்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கிறது. வாயைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றுவது அதைவிடத் தீங்கானது. எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரக்கூடும்.

சிகிச்சை இரு கட்டங்களாக நடைபெறும். முதலில், தேங்கிய கட்டியை வெளியேற்ற, குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்த கூடுதல் அளவில் மூன்று முதல் ஆறு நாள்கள் மருந்து தரப்படும். இந்நாள்களில் மலம் நீராகப் போவது எதிர்பார்க்கப்பட்டதே. அதன்பின் குறைந்த அளவில் நாள்தோறும் மருந்து தொடரும். மலம் இளகியிருந்தால் குழந்தை வலியை மறக்கும், விரிந்த குடலும் மெல்லச் சுருங்கும். இதற்குக் குறைந்தது இரண்டு மாதங்கள் வேண்டும்; பலருக்கு அதைவிட நெடுங்காலம் ஆகும். தொல்லைகள் யாவும் நீங்கி ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் தரப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளும் லாக்டுலோஸ் மருந்தும் குடலுக்குள் நீரைப் பிடித்துவைப்பவை. உடல் இவற்றுக்கு அடிமையாவதில்லை. தொடர்ந்து சிகிச்சை பெறும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் 6 முதல் 12 மாதங்களில் மருந்தின்றி இருக்கும் நிலையை அடைகின்றனர்.

உணவு உண்டவுடன் பெருங்குடல் தானே அசையும். எனவே உணவுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் கழிப்பறையில் அமரவைக்க வேண்டும். காலைநேரமே சிறந்தது என்று நூல்கள் சொல்லும். ஆனால் விடிந்ததும் ஆலை வேன் வந்து நிற்கும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் குடும்பங்களில் காலைநேரம் யாருக்கு இருக்கிறது? இரவு உணவுக்குப் பின் அமரவைத்தாலும் போதும். நாள்தோறும் அதே நேரம், அவசரமின்றி, ஏச்சின்றி என்பதே முக்கியம். மேற்கத்தியக் கழிப்பறையாயின் கால்களுக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மிகுந்து மருந்து விட்டுப்போவது இயல்பு. குழந்தையை மாலைவரை பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமே மருந்தையும் அளவையும் ஒப்படைத்துவிடுவது நல்லது.

உணவில் முதலில் பார்க்க வேண்டியது பால். சோறு உண்ணவில்லையே என்று நாள் முழுதும் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் குழந்தைக்குப் பசியும் எழாது, நார்ச்சத்தும் சேராது. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலே அதிகம். விருதுநகர் பரோட்டாவும் சாத்தூர்ச் சேவும் நம் ஊரின் பெருமைகள்தாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அன்றாட உணவாக அவை வேண்டாம். நம் கரிசல் நிலத்தில் விளையும் கம்பு, குதிரைவாலி, கீரை, அவரை, கொய்யா, பப்பாளி இருக்கின்றன. தண்ணீரையும் அடிக்கடி கொடுங்கள். எனினும் உணவு மட்டும் தேங்கிய கட்டியைக் கரைக்காது. மருந்தோடு சேர்ந்ததே உணவு.

நாள்காட்டி அச்சிடும் ஊரில் நாள்காட்டிக்குப் பஞ்சமில்லை. அதில் மலம் கழித்த நாள், அதன் தன்மை (ஆட்டுப்புழுக்கை போன்றதா, விரிசலுள்ளதா, வாழைப்பழம் போல் இளகியதா), கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்து, மருத்துவரிடம் வரும்போது எடுத்து வாருங்கள். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அந்தத் தாள்தான் எங்களுக்கு வழிகாட்டி.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. பிறந்து 48 மணி நேரத்திற்குள் முதல் மலம் கழியாதிருந்தது, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியது, வயிறு உப்பிப் பச்சை நிற வாந்தி எடுப்பது, எடை கூடாதது, மலத்தில் மிகுந்த குருதி, கால்களில் வலுக்குறைவு ஆகியவற்றுள் எது இருந்தாலும் பிறவிக் குடல்நோய், தைராய்டு குறைபாடு, முதுகுத்தண்டுக் கோளாறு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பச்சை வாந்தியும் வயிற்று உப்பலும் கண்டால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.