தரவுத்தளமும் பேரளவுக் கோப்புகளும்

1970ஆம் ஆண்டில் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைக் கோட்பாட்டின்வழி அமைந்த தரவுத்தளங்கள், பெயர், எண், நாள் முதலிய சிறு தரவுகளை நிரையும் நிரலுமாகப் பேணுவதில் சிறந்து விளங்குகின்றன. ஒலிப்பதிவு, காணொளி போன்ற பேரளவு இருமக் கோப்புகளையும் அவ்வட்டவணைக்குள்ளேயே வைத்தல் தகுமா என்பது, பள்ளியிலோ நூலகத்திலோ மின்காப்பகம் அமைக்க முனைவோர் எதிர்கொள்ளும் வினாவாகும்.

வைக்க இயலும், அதில் ஐயமில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தினுள் 1 கிகாபைட் வரை அடங்கும். ஆயினும், உள்ளே நிகழ்வதைச் சற்று நோக்குவோம். குறுந்தட்டின் தரத்தில், சுருக்கப்படாத ஒரு மணி நேர உரை ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். போஸ்ட்கிரெஸோ தரவுகளை 8 கிலோபைட் பக்கங்களில் எழுதுவது. எனவே, அவ்வுரையை ஏறக்குறைய 2,000 பைட் அளவுள்ள துணுக்குகளாக நறுக்கித் துணை அட்டவணையொன்றில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நிரைகளாக அடுக்குகிறது. மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் அதே தரவு மற்றுமொரு முறை எழுதப்படுகிறது. மாணவர் ஒருவர் உரையைக் கேட்க விழைந்தால் அத்துணுக்குகள் மீண்டும் கோக்கப்பட வேண்டும். முழுக் காப்புநகல் எடுக்கும்போதெல்லாம் இச்சுமையும் உடன் வருகிறது.

ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவற்றுக்குத் தரவுத்தளமும் 1 மெகாபைட்டை மிஞ்சியவற்றுக்குக் கோப்பு முறைமையும் ஏற்றவை எனக் கண்டது. அவ்வெண்கள் அக்காலக் கருவிகளுக்குரியவை. எனினும், சிறியது உள்ளே, பெரியது வெளியே என்னும் போக்கு இன்றும் பொருந்தும் என்பது என் கருத்து.

வெளியே வைத்ததும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. தரவுத்தளம் ஒரு செயலை முழுமையாக முடிக்கும், அல்லது அடியோடு கைவிடும். மின்தடை நேரினும் பாதியில் நில்லாது. இவ்வுறுதி வெளியிலுள்ள கோப்பைக் காப்பதில்லை. தலைப்பு பதிவில் இருக்க, ஒலிக்கோப்பு இல்லாதொழிந்த காப்பகம், பட்டியல் மட்டுமே எஞ்சிய நூலகத்தை ஒத்தது. வேறு படி இல்லாத முதியோர் நேர்காணலாயின் அவ்விழப்பை ஈடுசெய்யவே இயலாது.

ஆதலின், செயல்களின் வரிசை இன்றியமையாதது. சேர்க்கும்போது கோப்பை முதலில் எழுதி, அது வட்டில் நிலைபெற்ற பின்னரே அதன் இடம், அளவு, ஷா-256 சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் பதிதல் வேண்டும். நீக்கும்போது பதிவை முதலில் அகற்றிப் பின்னரே கோப்பை அழித்தல் வேண்டும். இடையே தடை நேர்ந்தால், பதிவில்லாக் கோப்பொன்று வீணே எஞ்சும். அதைப் பின்னர்த் தேடிக் களையலாம். காப்புநகல் எடுக்கையிலும் தரவுத்தளத்தை முதலிலும் கோப்புகளை அதன் பின்னரும் படியெடுத்தல் நன்று. அப்பணி முடியும்வரை எக்கோப்பையும் நீக்காதிருத்தல் வேண்டும்.