மைக்கோட்டில் எழுந்த கற்சிலை: ஓவியர் சில்பி

கண்முன் இருக்கும் பொருளின் அளவையும் ஒளியையும் நிழலையும் மேற்பரப்பின் தன்மையையும், அழகுக்காகத் திருத்தாமல் உள்ளவாறே தாளில் கொணரும் முறையை நடப்பியல் ஓவியம் என்பர். தமிழ் வார இதழ்களில் அம்முறையை வாழ்நாள் நோன்பாகக் கொண்டவர் ஓவியர் சில்பி. ஆயினும் தமிழகத்தின் நவீன ஓவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அவர் மனித முகங்களையோ தெருக்களையோ தம் பொருளாகக் கொள்ளாமல் கோயில் சிற்பங்களையே தேர்ந்தார் என்பதும், அவருடைய படைப்புகள் கண்காட்சிக் கூடங்களில் தொங்காமல் இதழ்ப் பக்கங்களில் வெளிவந்தன என்பதும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம். இவ்விரண்டுமே ஓர் ஓவியரை ஒதுக்கப் போதிய காரணங்கள் அல்ல.

பி.எம். சீனிவாசன் என்னும் இயற்பெயர் கொண்ட சில்பி 1919-ல் நாமக்கல்லில் பிறந்தார். ஊர் நடுவே எழும் ஒற்றைப் பாறையும், அதைக் குடைந்து அமைத்த நரசிம்மர் குடைவரையும், அதன் சுவர்களில் புடைத்து நிற்கும் பேருருவச் சிற்பங்களும் நாமக்கல்லில் பிறந்த எவர் கண்ணிலும் படாமல் போகா. பள்ளிப் பருவத்திலேயே சீனிவாசனின் கை கோட்டுக்குப் பழகியதைக் கண்டு, ஓவியக் கல்விக்குச் செல்லுமாறு அறிவுறுத்தியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. கவிஞராகவே இன்று நினைக்கப்படும் அவரும் ஓர் ஓவியர் என்பதால், அந்த அறிவுரை தொழில் தெரிந்தவரின் கணிப்பாகவே அமைந்தது.

அதன்படி சீனிவாசன் சேர்ந்த சென்னை ஓவியப் பள்ளி, அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850-ல் தொடங்கப்பெற்று, கைவினைகளைக் கற்பிக்கும் அரசுக் கூடமாக வளர்ந்தது. சீனிவாசன் பயின்ற காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் வங்கத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவரே. தசையின் முறுக்கையும் உடலின் எடையையும் உற்றுப் பார்க்கப் பழக்கிய அப்பள்ளியிலிருந்து பின்னர் கே.சி.எஸ். பணிக்கர் வழிவந்த சென்னை ஓவிய இயக்கமும் கிளைத்தது, பத்திரிகை ஓவியர் வரிசையும் கிளைத்தது. முன்னதற்கு நூல்கள் பல உண்டு, பின்னதற்கு மிகக் குறைவு.

ஆனந்த விகடனில் சேர்ந்த சீனிவாசனுக்குச் சில்பி என்று பெயர் சூட்டியவர், அவ்விதழின் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியரான மாலி. 1948-ல் விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற வரிசை தொடங்கியது. சில்பி ஊர் ஊராகச் சென்று கோயில்களில் அமர்ந்து சிற்பங்களை வரைய, ஆசிரியர் குழுவிலிருந்த தேவன் விளக்கம் எழுதினார். ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்த அதே தேவன்தான் அவர்; நகைச்சுவைக்குப் பேர்போன அவர் பேனா இங்கே சிற்பத்தின் முன் அடங்கி நின்று, புராணத்தையும் தோற்றத்தையும் எளிய சொற்களில் எடுத்துரைத்தது.

புகைப்படக் கருவி பரவிவிட்ட காலத்தில் ஒரு வார இதழ் ஏன் ஓவியரைக் கோயில் கோயிலாக அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு அச்சுத் தொழிலில் ஒரு விடை உண்டு. புகைப்படத்தை அச்சிட அதைச் சிறு புள்ளிகளாக உடைத்துச் செய்யும் தகட்டுக்கு ஹாஃப்டோன் பிளாக் என்று பெயர். மலிவான தாளில் அப்புள்ளிகளின் மை பரவி ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், கருங்கல் சிற்பத்தின் படம் பெரும்பாலும் கரிய திட்டாகவே வந்து சேரும். கோட்டோவியத்துக்கான லைன் பிளாக்கில், துத்தநாகத் தகட்டின் மற்றப் பகுதிகளை அமிலம் அரித்துவிட, கோடு மட்டும் மேடாக நிற்பதால், மட்டமான தாளிலும் அது தெளிவாகப் பதியும். எனினும் அச்சு வசதி மட்டுமே காரணம் என்று கொண்டால் சில்பியைச் சிறுமைப்படுத்தியதாகும். மண்டபத்து இருளில் நிற்கும் சிலையில் புகைப்படக் கருவி ஒரு நொடியின் ஒளியையே பிடிக்கும்; நாள் முழுதும் அதன் முன் அமர்ந்தவரோ, காலை ஒளியில் தெரிந்த இடுப்பின் வளைவையும் மாலை ஒளியில் தெரிந்த அணிகலனின் முடிச்சையும் ஒரே தாளில் சேர்த்து, சிற்பியின் உளி எங்கெங்கே நின்று நிதானித்தது என்பதைக் காட்ட முடியும். சில்பியின் சித்திரத்தில் கல் கல்லாகவும் செம்பு செம்பாகவும் தெரிவது இந்தப் பொறுமையால்தான்.

ஜோலார்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து வாசகர்கள் இவ்வேலையின் கடுமையை உணர வேலூர்க் கோட்டைக்குள் சென்று ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தால் போதும். விஜயநகரக் காலத்து 16-ஆம் நூற்றாண்டு வேலையான அம்மண்டபத்தில், பாய்கின்ற யாளிகளும் குதிரை வீரர்களும் தூணோடு தூணாக ஒரே கல்லில் பின்னிக் கிடப்பதால், ஓர் உருவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணே தடுமாறும். அவ்வளவையும் கோடாக மாற்ற முனைபவர் ஒவ்வோர் அங்குலத்திலும் எதை வரைவது, எதை விடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். நடப்பியல் என்பது கண்ணில் பட்டதையெல்லாம் படியெடுப்பது என்ற எண்ணம் அங்கே உதவாது.

ரவிவர்மா அச்சுப்படங்கள் வழியாகவும் நாட்காட்டிகள் வழியாகவும் தமிழ் வீடுகளுக்கு வந்த தெய்வங்கள், பட்டுப் புடவையும் ரோஜா நிறக் கன்னமுமாக மானுட உருவில் இருந்தன. சில்பி வரைந்த மூர்த்திகளோ கருவறையில் இருக்கும் அதே திருமேனிகள்; கல்லில் வடித்த மூலவரும், வீதியுலா வருவதற்கென்று செம்பில் வார்த்த உற்சவரும், தத்தம் அலங்காரத்தோடும் அளவோடும் அவர் தாளில் இடம்பெற்றனர். புகைப்படம் எடுக்க இசைவில்லாத சன்னிதிகளைப் பொறுத்தவரை, நெடுந்தொலைவில் வாழ்ந்த வாசகருக்கு அச்சித்திரங்களே தரிசனமாக அமைந்தன.

அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் 1916 முதல் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ வார இதழுக்கு 300-க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் தீட்டி, ஓவியக்கூடத்தில் கால்வைத்திராத இலட்சக்கணக்கானோருக்கு ஓவியத்தைக் கொண்டுசேர்த்தார். அவரையும் விமர்சகர்கள் வெறும் இதழ் ஓவியர் என்று நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தனர். ராக்வெல் 1930-களின் பிற்பகுதி முதல் மாதிரிகளைப் புகைப்படமெடுத்து அவற்றைப் பார்த்து வரைந்தார். சில்பி சிற்பத்தின் முன்னேயே போய் அமர்ந்தார். அங்கே ராக்வெல்லுக்குப் பிற்காலத்தில் ஒரு தனி அருங்காட்சியகமே எழுந்தது; இங்கே, ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ இரண்டு தொகுதிகளாக நூலுருப் பெறவே பல பத்தாண்டுகள் ஆயின.

விகடனுக்குப் பின் வேறு இதழ்களுக்கும் வரைந்த சில்பி 1983-ல் மறைந்தார். அவரிடம் நேரே பயின்றவர்களுள் பத்மவாசன், ‘பொன்னியின் செல்வன்’ நாவல் கல்கி இதழில் மறுபடியும் தொடராக வெளிவந்த காலங்களுள் ஒன்றில் அதற்குச் சித்திரம் தீட்டினார். அந்நாவலுக்கு 1950-ல் முதன்முதலாக உருவம் கொடுத்த மணியமும் இதே சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து வந்தவர். அவரைப் பற்றி அடுத்த பகுதியில் காணலாம்.