நாலு காசு வட்டி

விளாங்குடி டீக்கடையில் வீட்டுக்கடனைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் ஆண்டு சதவீதத்தில் பேசுவதில்லை. வங்கி ஒன்பது சதவீதம் என்று எழுதுவது இங்கே ‘முக்கால் வட்டி’. நூறு ரூபாய்க்கு மாதம் 75 காசு. இன்னொரு வங்கி எட்டரைக்குத் தருகிறதாம் என்று பெஞ்சில் ஒருவர் சொல்கிறார். அப்படியென்றால் 71 காசுக்கும் கொஞ்சம் கீழே. ஆக, மாறலாமா வேண்டாமா என்ற தலைவலி எல்லாம் நாலு காசுக்குத்தான்.

அந்த நாலு காசு என்ன பெறும்? அதில்தான் வேடிக்கை இருக்கிறது.

இருபது லட்சம் பாக்கி, இன்னும் 15 வருடம், ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 20,285 ரூபாய். அட்டவணையின் முதல் வரியைப் பாருங்கள்: அதில் 15,000 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது வெறும் 5,285. அதே அட்டவணையின் கடைசி வரியில், 180ஆவது மாதம், வட்டி 151 ரூபாய். வட்டி என்பது பாக்கி நிற்கும் அசலுக்குத்தான் என்பதால், கடனின் தலைப்பக்கம் கனமாகவும் வால்பக்கம் இலேசாகவும் இருக்கிறது. நாலு காசின் பெறுமானமும் அப்படியே. தலையில் பிடித்தால் பணம், வாலில் பிடித்தால் சில்லறை. ஐந்து லட்சம் பாக்கி, மூன்றே வருடம் மிச்சம் என்றால் எட்டரைக்கு மாறி மொத்தமாக மிச்சமாவது நாலாயிரத்துச் சொச்சம். பத்திரச் செலவுக்கே காணாது.

இருபது லட்சக்காரருக்கு வருவோம். எட்டரைக்கு மாறி, அதே 15 வருடம் வைத்தால் தவணை 19,695. மாதம் 590 ரூபாய் குறைவு, மொத்தத்தில் ஒரு லட்சத்து ஆறாயிரம் மிச்சம். தவணையைக் குறைக்காமல் பழைய 20,285ஐயே கட்டிக்கொண்டு வந்தால்? கடன் பத்து மாதம் முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது, மிச்சம் இரண்டு லட்சத்துக்கும் மேல். வட்டி விகிதம் அதேதான், லாபம் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு.

இன்னொரு வழியும் உண்டு. புது வங்கியில் பெரும்பாலும் இதைத்தான் சிரித்த முகத்தோடு சொல்வார்கள்: “சார், திரும்ப இருபது வருஷமா போட்டுக்கலாம், தவணை பதினேழாயிரத்துச் சொச்சம்தான் வரும்.” மாதம் 2,900 ரூபாய் குறைகிறதே என்று மனசு குளிரும். கூட்டிப் பார்த்தால் பழைய ஒன்பது சதவீதக் கடனைவிட ஐந்து லட்சத்துக்கு மேல் அதிகம் கட்டுகிறோம். வட்டியும் இறங்கி, தவணையும் இறங்கி, செலவு மட்டும் ஏறுகிறது. கணக்கில் பிழை இல்லை. ஐந்து வருடம் கூடியிருக்கிறது.

லாபம் இப்படிக் காலத்தில் சிதறிக் கிடக்க, செலவு மட்டும் முதல் மாதமே கையில் கேட்கும். 2012இல் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிரிட்டனில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. அங்கே வட்டியை இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று கட்டிப்போட்டுவிட்டு, நடுவில் வெளியேறினால் தண்டம் கேட்பார்கள். இங்கே செலவு வேறு ஜன்னல்களில் இருக்கிறது. பிராசசிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வக்கீல் கருத்துரை, வீட்டு மதிப்பீடு. ‘பிராசசிங் கட்டணம் இலவசம்’ என்ற பேனரில் வராத ஒன்று எம்.ஓ.டி. பத்திரத்தை வங்கியில் வைத்ததற்கான அந்த ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிதாகப் பதிய, தமிழ்நாட்டில் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்பு உண்டு. இருபது லட்சத்துக்குப் பத்தாயிரம். பதிவுக் கட்டணம் தனி. எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ஆனால், அதை ஈட்டவே மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வீட்டை விற்கிற யோசனை இருந்தால் மாறாமல் இருப்பதே மேல்.

என்னைக் கேட்டால், முதலில் தட்ட வேண்டியது சொந்த வங்கியின் கதவைத்தான். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு கட்டப்பட்டவை. அதற்கு முந்தைய கடன், வங்கியே கணக்கிடும் பழைய அடிப்படை வட்டியான எம்.சி.எல்.ஆரிலேயே கிடந்தால், 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.5இலிருந்து 5.5க்கு இறங்கியது உங்கள் தவணைக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். ஒரு கடிதமும் சிறு கட்டணமும் கொடுத்து அங்கேயே ரெப்போவுக்கு மாறிவிட்டால் புது எம்.ஓ.டி.யும் இல்லை, சார்பதிவாளர் வரிசையும் இல்லை.

மாறுவதுதான் சரி என்று முடிவானால் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். பழைய வங்கியின் எம்.ஓ.டி. அதில் ஒரு வரியாக நிற்கும். கடனை அடைத்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் பத்திரம் கைமாறியதால் மட்டும் அந்த வரி தீர்ந்துவிடாது. ரசீது ஆவணம் ஒன்றைத் தனியாகப் பதிய வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருவர் அதை மறந்துவிட்டார். பல வருடம் கழித்து வீட்டை விற்கப் போனபோது, என்றைக்கோ அடைத்த கடன் வில்லங்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வாங்க வந்தவர் அட்வான்ஸ் கவரை எடுத்துச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.