வெருளியும் பரலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்களில் வெருளியைக் காணாதார் இலர். குறுக்கே கட்டிய தடியிற் கிழிந்த சட்டை. தலைக்குக் கவிழ்த்த பானை. அதன்மேற் சுண்ணாம்பாலும் கரியாலும் தீட்டிய கண்ணும் பல்லும். பறவைகளை வெருட்ட நிறுத்திய அவ்வுருவம் வழிப்போக்கருக்கு நகையையே விளைவிக்கின்றது. புதுமனை கட்டுவோர் கண்ணூறு கழியத் தூக்கும் வெருளியும் இத்தன்மையதே.

1990களில் வேறொரு வெருளி இந்நாட்டுத் தெருக்களில் நின்றது. அதுவே தார்ப் பரல். சோதனைச் சாவடிகளின் முன்னே வாகனங்கள் வளைந்து செல்லுமாறு பரல்கள் நிறுத்தப்பெற்றன. பச்சையும் கபிலமும் கறுப்புமாக உருமறைப்பு வண்ணமும் பூசப்பெற்றன. 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாண நகரம் படையினர் வசமானபின், சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தவாறு, அப்பரல்களுக்கிடையே சைக்கிளை உருட்டிச் சென்றவர்க்கு அவை நகைக்குரியனவாய்த் தோன்றியிரா.

அவற்றின் நகையைக் கண்டவர் சந்திரகுப்த தேனுவர என்னும் சிங்கள ஓவியர். கொழும்பிலும் மொஸ்கோவிலும் பயின்ற அவர், 1997இல் அவ்வண்ணப் பரல்களையே கலைப்பொருளாக்கிக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பாவிற் ‘கியூபிசம்’ முதலிய கலைநெறிகள் தோன்றினவன்றோ? அவற்றின் வரிசையிற் தமது நெறிக்கு ‘பரலிசம்’ எனப் பெயரிட்டார். பெயரே பாதி நகைச்சுவை.

மற்றப் பாதி அவ்வண்ணத்தில் உள்ளது. முதலாம் உலகப் போரின்போது, 1915இல், பிரெஞ்சுப் படை உருமறைப்புப் பிரிவொன்றை அமைத்து ஓவியர்களை அதிற் பணியமர்த்தியது. பீரங்கியைப் பகைவர் கண்ணுக்குத் தெரியாது மறைப்பதே அவர் தொழில். காட்டில் இலையோடு இலையாய்க் கலக்க வேண்டிய அவ்வண்ணம், நட்டநடுத் தார்வீதியில் நிற்கும் பரலில் எதனை மறைக்கும்? எல்லார் கண்ணிலும் படவேண்டிய தடைக்கு ஒளிந்துகொள்ளும் உடை!

எனினும் ஒன்றை அது மறைக்கவே செய்தது. நாள்தோறும் கண்ட பரலை மக்கள் மரத்தையும் மதகையும்போல ஏற்றுக்கொண்டனர். போர் தெருவின் இயல்பான அங்கமாயிற்று. இப்பழக்கமே தேனுவரவை உறுத்தியது. உளி படாத தகரம் சிற்பமாகுமா என வினவுவார் உளர். அவர் கண்காட்சியைக் கண்டு வீதிக்கு வந்தவருக்குச் சந்திதோறும் நின்ற பரல் ஒவ்வொன்றும் சிற்பமாகவே தென்பட்டிருக்கும். அக்கண்காட்சிக்குப் பொருள் வழங்கியோர் தம்மையறியாத காவற்படையினரே!

போர் 2009இல் முடிந்தது. பரல்களும் படிப்படியாக அகன்றன. தேனுவரவோ 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின் நினைவாக, யூலை 23ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவதை வழக்கமாக்கிக்கொண்டார்.