வண்டி ஏன் நடுங்குகிறது?

லிட்டில் அந்தமான் தீவில் உள்ள ஊர் ஹட் பே. தீவைச் சுற்றிக் கடல். வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் கடல் கடந்துதான் அங்கே வர வேண்டும். தேவையில்லாத பாகத்தை வாங்கினால் பணம் வீண். நாளும் வீண்.

விவேகானந்தபூரிலிருந்து ஹட் பேக்கு ஒரு டீசல் ஜீப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். மருத்துவமனைக்குப் போகிறார். வழியில் ஜீப் நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. திடீரென வண்டி நடுங்குகிறது. ஒரு விளக்கு எரிகிறது. பிறகு தானே சரியாகிவிடுகிறது. மறுநாள் மீண்டும் அதே தொல்லை.

இது ஏன் வருகிறது?

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. இன்ஜின் காற்றை இறுக்கமாக அழுத்துகிறது. காற்று கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் புகைபோலத் தெளிக்கிறது. டீசல் உடனே எரிகிறது. டீசலோடு தண்ணீர், காற்று, அழுக்கு ஆகியவை கலந்தால் சரியாக எரியாது. ஒரு சிலிண்டர் வேலை செய்யும். இன்னொன்று விட்டுவிடும். வண்டி நடுங்கும்.

தண்ணீர் எப்படி வருகிறது?

அந்தமானில் மழை அதிகம். காற்றிலும் ஈரம் அதிகம். டேங்க் பாதி காலியாக இருந்தால் ஈரக் காற்று உள்ளே நிற்கும். இரவுக் குளிரில் அது நீர்த்துளியாகும். மழையில் நிற்கும் பீப்பாயின் மூடி வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. டீசல் பில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். இன்ஜினை நிறுத்துங்கள். திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரம் அசையாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட இலேசானது. அதனால் தண்ணீர் அடியில் தங்கும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது.

எப்போது நடுங்குகிறது?

இந்தக் கேள்விதான் முக்கியம். குறித்து வையுங்கள்.

டீசல் போட்ட பிறகா? தண்ணீரோ அழுக்கோ இருக்கலாம்.

காலையில் மட்டுமா? டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். ஹீட்டர் பிளக் கெட்டிருக்கலாம்.

மேடு பள்ளத்திலா? வயர் தளர்ந்திருக்கலாம். உப்புக் காற்றில் பேட்டரி முனையும் எர்த் வயரும் பூத்துப்போகும். அவற்றைச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

எப்போதும் நடுங்கிக் கரும்புகை வருகிறதா? நாசிலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விளக்கு என்ன சொல்கிறது?

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிய வேண்டும். இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கே கெட்டிருக்கலாம்.

சிவப்பு என்றால் ஆபத்து. எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பாக எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். தொடர்ந்து ஓட்டினால் இன்ஜினே பழுதாகும். சூட்டு விளக்கு எரிந்தாலும் நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள்.

மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மெதுவாகப் போய்ச் சோதிக்கலாம். நடுக்கம் அதிகமானால் நிறுத்த வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ். 6 புகை விதி வந்தது. இவற்றில் கணினி இருக்கிறது. விளக்கு அணைந்தாலும் கோளாறின் எண்ணைப் பதிந்து வைக்கும். மெக்கானிக் ஸ்கேனர் கருவியால் அதைப் படிப்பார். இந்த வண்டிகளில் டீசல் குழாயின் அழுத்தம் மிக அதிகம். அந்தக் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

என்ன செய்யலாம்?

மாலையில் டேங்கை நிரப்பி வையுங்கள். பில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். பில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். பீப்பாயைக் கூரைக்கு அடியில் வையுங்கள்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். பாகம் வாங்குவது கடைசியில். அப்போதுதான் அந்தத் தாய் நேரத்தோடு மருத்துவமனை போய்ச் சேருவார்.

யோசித்துப் பாருங்கள்

1. பாட்டிலில் தண்ணீர் ஏன் அடியில் தங்குகிறது?
2. எந்த விளக்கு எரிந்தால் இன்ஜினை உடனே அணைக்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் டீசல் பீப்பாயை எங்கே வைக்கிறார்கள்?