தூரத்து விபத்தும் பள்ளித் தலைவர் கடமையும்

எங்கோ ஓர் ஊரில் நேர்ந்த துன்பம் செய்தியாக வந்து சேரும்பொழுது பெற்றோரின் நெஞ்சம் முதலில் நாடுவது தம் பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பறையையே. 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். மீஞ்சூருக்கும் கும்பகோணத்துக்கும் சுமார் 300 கிலோமீட்டர் இருக்கும். எனினும், மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியதென்று கேட்ட தாய்க்கு, தன் பிள்ளையும் கீற்றுக் கொட்டகையில் படிப்பதாயின், அவ்வூர் தொலைவாய்த் தோன்றியிராது. இத்தகைய வேளையில் பள்ளித் தலைவர் பெற்றோர்க்கு எங்ஙனம் தேறுதல் அளிக்கக்கூடும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அச்சத்துக்குக் காரணம் உண்டா என்பதை முதற்கண் நோக்கல் வேண்டும். கும்பகோணத்துச் செய்தி எழுப்பிய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. குறுகலான படிக்கட்டும், எளிதில் தீப்பற்றும் கூரையும், அண்மையில் அடுப்பும் அப்பள்ளி ஒன்றற்கே உரிய குறைகள் அல்ல. அந்நிலையில் ‘அஞ்ச வேண்டாம்’ என்று கூறும் தலைமையாசிரியரின் சொல் செல்லாது. கூரையைப் பிரித்தெறிவதே தேறுதலாகும். அரசாங்கத்தாரும் அவ்விபத்தின் பின்னர்ப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி கட்டளையிட்டனர். அதனை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியிற் கல்வி பெறுதல் குழந்தையின் உரிமையென்று 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின், பெற்றோர் வாயிலில் வந்து நின்று கேட்பதை இடையூறென்று கருதுதல் தகாது.

கேட்டோர்க்கு விடை சொல்வதினும் காட்டுதல் நன்று. தீயணைப்பு உருளையின் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா, அதனை மறுபடி நிரப்பவேண்டிய தேதி கடந்ததா, வகுப்பு நேரத்தில் வெளிக்கதவு பூட்டப்படுகின்றதா, சமையற்கூடத்து எரிவாயு உருளை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவற்றைப் பெற்றோர் தம் கண்ணாற் காணட்டும். மாடிப்படியின் அடியில் உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்தல் அநேக பள்ளிகளிற் காணும் வழக்கம். பழுதான சாமான்களுக்கு வேறிடமின்றித் தவிக்கும் தலைமையாசிரியரின் சங்கடம் நாம் அறிந்ததே. ஆயினும் அப்படியே பிள்ளைகள் இறங்கி ஓடவேண்டிய வழி. குறையொன்று இருப்பின் அதனை மறையாது கூறி, இன்ன நாளுக்குள் திருத்தப்படும் என்று எழுதி ஒட்டுதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோரே யாதலின், அந்நாளைக் கவனிக்க அவர்களே போதும்.

காரணம் காட்டவியலாத அச்சமும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசா மாநிலத்துப் பாலசோர் மாவட்டத்தில், பஹாநகா பஜார் நிலையத்தருகே நேர்ந்த ரயில் விபத்தில் 290க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்துக்குள்ளான கோரமண்டல் விரைவு வண்டி சென்னையை நோக்கி வந்தது. நம் மீஞ்சூரைக் கடந்தே செல்லவேண்டிய வண்டி அது. அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் அறைகளில் இறந்தோர் உடல்களைக் கிடத்தினர். கோடை விடுமுறை முடியுந் தறுவாயில், அவ்வகுப்புகளில் அமரப் பிள்ளைகள் அஞ்சினர்; பெற்றோரும் அனுப்ப இசையவில்லை. பள்ளிக் குழுவினர் வேண்டிக்கொள்ள, அரசாங்கம் இணங்கி, ஜூன் 9ஆம் நாள் 65 ஆண்டுப் பழமையான அக்கட்டடத்தை இடிக்கத் தொடங்கிற்று.

மூடநம்பிக்கைக்குப் பணிவதா என்று கேட்பாரும் உளர். நமது அபிப்பிராயம் வேறு. பேயில்லை என்னும் பாடத்தைப் பின்னர்க் கற்பிக்கலாம். அதற்குப் பிள்ளை முதலில் வகுப்புக்கு வந்தாகவேண்டும். ஆனால் எல்லா இடத்தும் கட்டடத்தை இடித்தல் இயலாது. அங்கே கட்டடத்தின் முதுமையும் அம்முடிவுக்குத் துணைநின்றது. ஏனைய இடங்களில், பிள்ளைகளோடு பெற்றோரையும் அழைத்து அறைகளைச் சுற்றிவரச் செய்தலும், சில நாள் வேறோர் அறையிற் பாடம் நடத்துதலும் பயன் தரக்கூடும்.

நம் பகுதிக்குத் தனியே ஒரு கவலை உண்டு. காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களிலுள்ள ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் ஒடிசா, வங்காளம், பீகார் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தோர் பலர். பஹாநகா நமக்குத் தூரத்து ஊர். அவர்களிற் பலர்க்கோ ஊருக்குப் போகும் வழி. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு வண்டி சரக்கு வண்டியின்மேல் மோதியபோது, உயிர்ச்சேதம் இல்லாதிருந்தும், பலர் காயமுற்றனர். இத்தகைய இரவுகளில் மெய்ச்செய்திக்கு முன்னரே வதந்தி கைப்பேசிகளில் வந்துவிடும். ஆகவே தலைமையாசிரியர் ஒருவரே, அறிந்ததை மட்டும் நாலு வரியில் எழுதி, மறுபடி எப்பொழுது தெரிவிப்பார் என்பதையும் சேர்த்து அனுப்புதல் நலம். அவ்வரிகள் தமிழில் மட்டும் இருப்பின் அத்தொழிலாளர் வீடுகளிற் பயனில்லை. இந்தி, ஒடியா, வங்காளி அறிந்த பெற்றோர் ஒவ்வொருவரை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சிறு பிள்ளைகளின் மனநிலை வேறு. ஒரே காட்சியைத் தொலைக்காட்சி பத்துமுறை காட்டினால், பத்து வண்டிகள் கவிழ்ந்தன என்றே சிலர் எண்ணுவர். ‘நம் வண்டியும் கவிழுமா?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒருபோதும் கவிழாதென்று வாக்களித்தல் பொய்யாகும். ரயில் பாதையைக் காப்போர் யாவர், வண்டியை நிறுத்தும் விளக்கு யாது என்று அதற்கு விளங்குமளவு சொல்லி, வழக்கம்போல் மணியடித்து வழக்கமான பாடத்தைத் தொடங்குதல் நல்லது. எனினும் தந்தையோ தமையனோ அவ்வழியே பயணஞ் செய்யும் பிள்ளை யாரென்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். அத்தகைய பிள்ளைகளின் பெயர்க்குறிப்பு அலுவலகத்தில் இருக்குமாயின், செய்தி வந்த இரவே முதலில் அவ்வீடுகளுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கலாம்.