பழைய புல்லட்டுக்கு இன்ஜின் கவர் வாங்கப் போகிறீர்களா?

காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டின் வலப்பக்கம் இருக்கும் டைமிங் கவர் பெயருக்குத்தான் மூடி. இரண்டு ஆயில் பம்புகளும் ஃபில்டரும் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பம்ப் தள்ளும் ஆயில் கவருக்குள்ளேயே துளைத்திருக்கும் சிறு வழியில் ஓடி, ஒரு கார்க் சீலைக் கடந்து, கிராங்க் முனைக்குள் நுழைந்து பிக் எண்ட் பேரிங்கை நனைக்கிறது. டூப்ளிகேட் கவரில் அந்தத் துளை சற்று விலகியிருந்தாலோ, வார்ப்பு மணல் உள்ளே தங்கியிருந்தாலோ வெளியில் எதுவும் தெரியாது. வண்டி ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் இன்ஜின் ஜாம் ஆகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கவரில் மிச்சம் பிடித்த பணம் கிராங்க் வேலைக்கே காணாது, உயிருக்கும் ஆபத்து.

“எல்லா புல்லட்டுக்கும் ஒண்ணுதான் சார்” என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். காஸ்ட் அயர்ன், ஏவிஎல், யூசிஇ என்று இன்ஜின் மாற மாற கவரும் மாறியது. இடப்பக்கக் கவரிலும் செல்ஃப் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. ஆண்டை மட்டும் சொல்லாமல் பழைய கவரையே கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து போல்ட் துளைகளையும் ஆயில் துளைகளையும் ஒப்பிடுங்கள். புதியதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால் ஆடக் கூடாது. ஆயில் வழியில் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் செலுத்தினால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். பம்ப் டிஸ்க் உட்காரும் முகத்தில் விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் அந்தக் கவர் வேண்டாம். வெறும் விரிசல்தான் என்றால், பழைய கவரையே ஆர்கான் வெல்டிங் செய்து லேத்தில் முகம் சமன் செய்வது பல நேரம் மேல் என்பதே என் கருத்து.

கவர் கிடைக்கவில்லை என்று முழு இன்ஜின் கேஸையே பழைய பொருள் கடையில் வாங்குவது வேறு சங்கதி. இன்ஜின் நம்பர் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால் எஃப்சியிலும் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல். அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால் காவல் நிலையம் வரை போக நேரும். அழித்துப் பொறித்த நம்பர் என்று சந்தேகம் வந்தால் தொடவே தொடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பில்லோடு ஆர்டிஓ அலுவலகத்தில் முறையாகப் பதிந்துகொள்ளுங்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற போர்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. போலிப் பெட்டியில் கம்பெனி முத்திரை குத்தி விற்பது வணிகச் சின்னச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எனவே பில்லில் வண்டி மாடல், ஆண்டு, பாகத்தின் பெயர், “ஒரிஜினல்” என்ற சொல் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பொருத்துவதற்கு முன் கவரைப் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.